ஒரு பாதம் பின்னுக்கு

ஜனவரி 22, திங்கள்

இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி இன்று தொடங்கியது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பவானந்தன் சேர் விளையாட்டுக்காரரை மட்டும் மறித்து வைத்துக் கதைத்தார்.

'கோலூன்றிப் பாய்தலுக்கு இந்த முறை ஒரு புதுப் பிள்ளை வந்திருக்குது. நிரோ, நீதான் பழக்க வேணும்.'

புதுப் பிள்ளையின் பெயர் கம்சிகா. தரம் பதினொன்று, சிவப்பு இல்லம். நான் தரம் பன்னிரண்டு, பச்சை இல்லம். இரண்டு பேரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிரிவுதான். எதிர் இல்லத்துப் பிள்ளையை நான் ஏன் பழக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்பார்கள்.

அலுவலக வாசலில் பள்ளிக்கூடத்தின் சாதனைப் பலகை இருக்கிறது. கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. கோலூன்றிப் பாய்தல், 2.75 மீற்றர், நிரோஜினி தவராசா. போன வருஷம் எழுதினது. அதைப் பார்ப்பதற்காக நான் அந்தப் பக்கம் போவதில்லை. தண்ணீர்க் குழாய்க்கு அந்த வழிதான் கிட்ட.

ஜனவரி 26, வெள்ளி

கம்சிகா கெதியாகப் பழகுகிறாள். சொன்னதைத் திருப்பிக் கேட்பதில்லை.

இன்று அடையாளம் வைப்பதைக் காட்டிக் கொடுத்தேன். எங்கள் விளையாட்டில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. கோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, பாதை முடிவில் நிலத்தில் பதித்திருக்கும் பெட்டிக்குள் ஊன்றும்போது கடைசிக் கால் சரியான இடத்தில் விழ வேண்டும். ஓடுகிறவளுக்கு அது தெரியாது, கண் குறுக்குத் தடியில் இருக்கும். பக்கத்தில் நின்று பார்க்கிறவள்தான் சொல்ல வேண்டும். கால் பெட்டிக்குக் கிட்டப் போய்விட்டால், ஓடத் தொடங்கும் அடையாளத்தைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். எட்ட விழுந்தால் முன்னுக்கு. எடுப்பதைப் பாதத்தால் அளப்போம்: ஒரு பாதம், அரைப் பாதம்.

'காத்தடிச்சா அக்கா?'

'எதிர்க்காத்தெண்டா எட்டு வைக்கிறது கட்டையாப் போகும். முன்னுக்கு எடு. பின்னால அடிச்சா எட்டு நீளும். பின்னுக்கு எடு.'

'எதிர்க்காத்துக்கு முன்னுக்கு, பின்காத்துக்குப் பின்னுக்கு.' பாடமாக்குவது போல இரண்டு தரம் சொன்னாள். தன் தலை ரிபனைக் கழற்றி ஆணியால் நிலத்தில் குத்தி அடையாளம் வைத்தாள். நான் செருப்பைத்தான் வைப்பேன். ரிபன் நல்ல யோசனைதான். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

சேர் இப்போது கண்ணாடி போட்டும் எட்டத்தில் கால் விழுவது தெரியவில்லை என்கிறார். 'நிரோவின்ர கண்தான் எனக்கும் கண்' என்றார். பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

ஜனவரி 30, செவ்வாய்

விழும் இடத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பழைய பஞ்சு மெத்தைதான் இருக்கிறது. அப்பா தன் லான்ட்மாஸ்டர் உழவுமெசினில் வைக்கோல் ஏற்றி வந்து, சாக்கில் அடைத்து, மெத்தைக்குக் கீழே போட்டுத் தந்தார். வேலை முடிந்தும் போகாமல் வேலிக்கரையில் நின்று பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குச் சொன்னார்: 'உந்தச் சின்னப் பெட்டை, கம்சிகாவோ என்னவோ, காத்தில கடதாசி எழும்புறமாதிரி எழும்புறாள்.'

'எங்கட பிள்ளை?'

'எங்கட பிள்ளையும் பாயுறாள்தானே.'

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தேன். இரசாயனவியல் செய்முறைக் கொப்பி எழுதி முடித்தேன்.

பெப்ரவரி 9, வெள்ளி

இல்ல விளையாட்டுப் போட்டி. வென்றேன்.

நான் 2.70. கம்சிகா 2.50. எனக்கு முதலிடம், அவளுக்கு இரண்டாமிடம். இதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இன்று மைதானத்தில் இருந்தவர்களைக் கேட்டால் மாறித்தான் சொல்வார்கள். அவள் 2.50 பாய்ந்தபோது நாலு இல்லமும் எழும்பிக் கை தட்டியது. ஒலிபெருக்கியில் அறிவித்த சிவநேசன் சேர், 'பழகத் தொடங்கிக் கொஞ்ச நாளேயான மாணவி' என்று மூன்று தரம் சொன்னார். நான் 2.70 பாய்ந்தபோது, 'எதிர்பார்த்தபடியே' என்றார்.

இல்ல அலங்காரத்தில் சிவப்பு இல்லம் பனை மட்டையில் வெளிச்சவீடு கட்டியிருந்தது. உச்சியில் விளக்குச் சுழன்றது. பழைய மாணவர்கள் மூன்று நாளாக நின்று கட்டிக் கொடுத்தார்களாம். நாங்கள் செய்த ரயில் பெட்டியில் ஒரு சில்லு மத்தியானமே கழன்றுவிட்டது. அலங்காரப் புள்ளி அவர்களுக்கு. மொத்தச் சம்பியனும் அவர்கள்தான்.

கம்சிகாவின் அம்மா பெரிய வாளியில் கடலை அவித்துத் தாளித்துக் கொண்டுவந்து எல்லா இல்லத்துக்கும் கொடுத்தா. எனக்கு இரண்டு கை நிறையப் போட்டு, 'நீங்கதானே பிள்ளை அவளின்ர ரீச்சர்' என்றா.

கடலை நல்லாயில்லை. உப்புக் கூடுதல்.

பெப்ரவரி 12, திங்கள்

சாம்பவி என்னோடு தரம் ஆறிலிருந்து படிக்கிறவள். வாய்க்குப் பூட்டில்லாதவள். இன்று தண்ணீருக்குப் போகும்போது சொன்னாள்: 'எடி, வகுப்புக்குப் பின்னால புதுக் குழாய் போட்டு ரெண்டு வருஷமாச்சு. நீ ஏன் ஒவ்வொரு நாளும் அலுவலகத்தைச் சுத்தி வாறாய்?'

'அந்தத் தண்ணி உவர்.'

'ரெண்டும் ஒரே தாங்கித் தண்ணியடி.'

மார்ச் 12, செவ்வாய்

லண்டனிலுள்ள பழைய மாணவர் சங்கம் புதுக் கோல் அனுப்பியிருக்கிறது. நீலக் கோல், பிடிக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு. அதிபர் காலைக் கூட்டத்தில் மாலை போடாத குறையாக அதை அறிமுகம் செய்தார்.

கோலுக்குப் பாரக் கணக்கு உண்டு. பாய்கிறவளின் பாரத்துக்கு ஏற்ற கோல் வேண்டும். சேர் கோலில் எழுதியிருந்ததை வாசித்தார். என்னைப் பார்த்தார். கம்சிகாவைப் பார்த்தார்.

'நிரோ, இது உனக்குக் காணாது. பாரம் குறைஞ்ச பிள்ளைக்குரிய கோல். நீ பழைய கோலிலேயே பாய். உனக்கு அது பழகின கோல்தானே.'

'ஓம் சேர்.'

'அக்கா, நீங்கள் முதல் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ' என்று கம்சிகா கோலை நீட்டினாள். எனக்குக் கையெல்லாம் மண் என்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு. வேண்டாம் என்றேன். அம்மா புட்டுக் கோப்பையை என் முன்னாலேயே வைத்துவிட்டு நின்றா. 'ஆரின்ர கோவத்தைச் சாப்பாட்டில காட்டுறாய்?'

கோபம் ஒன்றுமில்லை. பிறகு சாப்பிட்டேன்.

மார்ச் 13, புதன்

அந்தக் கோல் நன்றாக வளைகிறது.

மே 17, வெள்ளி

வலயப் போட்டி. நானும் கம்சிகாவும் 2.70 பாய்ந்தோம். எனக்குத்தான் முதலிடம். இரண்டு பேர் ஒரே உயரம் பாய்ந்தால், குறைந்த தரம் தட்டினவளுக்கே வெற்றி. நான் முதல் தரத்திலேயே பாய்ந்தேன். அவள் ஒரு தரம் தட்டிவிட்டுப் பாய்ந்தாள்.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். சாம்பவிக்கும் சொன்னேன்.

'விளங்குதடி. ரெண்டு பேரும் ஒரே உயரம்' என்றாள் சாம்பவி.

இரண்டு பேரும் மாகாணத்துக்குத் தெரிவு.

ஜூன் 20, வியாழன்

சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. மைதானம் முழுக்கப் புழுதி. பயிற்சியில் கம்சிகாவின் கால் விழும் இடத்தை நான் பார்த்தேன், என்னுடையதை அவள் பார்த்தாள். அவளும் சரியாகத்தான் பார்க்கிறாள். என்னிடம் பழகினவள்தானே.

அவள் இன்று 2.75 பாய்ந்தாள். பயிற்சியில் பாய்ந்தது கணக்கில் வராது. சேருக்கும் அதைச் சொன்னேன்.

'தெரியும் நிரோ' என்றார்.

ஜூலை 6, சனி

மாகாணப் போட்டி, யாழ்ப்பாணத்து விளையாட்டரங்கில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கே அப்பா லான்ட்மாஸ்டரில் எங்கள் இரண்டு பேரையும் கோல்களோடு பஸ் தரிப்புக்குக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் கம்சிகா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அப்பாவும் தாளம் போட்டார்.

இந்த முறை முதலிடம் வருகிறவளுக்கு மட்டும்தான் கொழும்பு, தேசியப் போட்டி. ஏழு பேர் பாய்ந்தோம். ஆசிரியர்கள் உள்ளே வரக் கூடாது. சேர் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்.

நான் 2.75ஐ மூன்று தரமும் தட்டினேன். போன வருஷம் நான் பாய்ந்த உயரம். மூன்றாம் தரம் தடி என் முழங்காலில் பட்டு, கொஞ்சம் ஆடி, நிற்கப் போவது போல நின்று, விழுந்தது. கம்சிகா வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நான் தனியாகவே எழும்பியிருப்பேன்.

கிளிநொச்சிப் பிள்ளை ஒருத்தி 2.75ஐ முதல் தரமே பாய்ந்தாள். கம்சிகா மூன்றாம் தரத்தில் பாய்ந்தாள். பிறகு தடி 2.80க்கு ஏறியது. கிளிநொச்சிப் பிள்ளை மூன்று தரமும் தட்டினாள். கம்சிகா இரண்டு தரம் தட்டினாள். மிச்சம் இருந்தது ஒரு பாய்ச்சல். பாய்ந்தால் அவளுக்கு முதலிடம், கொழும்பு, பள்ளிக்கூடப் பலகை. பாயாவிட்டால் இரண்டாமிடம், பலகையில் 2.75, அதற்குப் பக்கத்தில் போன வருஷமே எழுதின பெயர்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியேறினவர்கள் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சோளகம் ஓடுபாதைக்கு எதிராக அடித்துக்கொண்டிருந்தது. அவளின் கடைசிக் காலடி செம்மண்ணில் வடிவாகப் பதிந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

அவள் என்னிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் புழுதி.

'அக்கா, கால் எங்க விழுந்தது?'

'ஒரு பாதம் பின்னுக்கு எடு.'

'பின்னுக்கோ? எதிர்க்காத்தெல்லோ அக்கா. முன்னுக்குத்தானே எடுக்கோணும்?'

'நான் பாத்துக்கொண்டு நிண்டனான். பின்னுக்கு எடு.'

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. போய், ரிபனைப் பிடுங்கி, ஒரு பாதம் அளந்து, பின்னுக்குக் குத்தினாள்.

அதற்குப் பிறகு நடந்தது: அவள் கோலைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, அரங்கின் மூலையிலிருந்த மாகாணக் கொடி சுருண்டு கம்பத்தில் ஒட்டியது. காற்று நின்றுவிட்டது. பிறகு கொடி மற்றப் பக்கமாக எழும்பியது. பார்வையாளர் மண்டபப் பக்கத்திலிருந்து, அவளின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய காற்று வந்தது. கடதாசி, புழுதி எல்லாம் அவளோடு சேர்ந்து ஓடி வந்தன. அவளின் எட்டுகள் நீண்டன. கடைசிக் கால் வந்து விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அங்குலம் பிசகவில்லை.

தடியில் அவளின் சட்டை கூடப் படவில்லை.

மெத்தையிலிருந்து எழும்பி என்னிடம்தான் ஓடி வந்தாள். சேரிடம் போகவில்லை. கட்டிப் பிடித்து, 'அக்கா, அக்கா' என்று அழுதாள். நான் அவளின் முதுகைத் தட்டினேன். வேலிக்கு வெளியே சேர் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 8, திங்கள்

காலைக் கூட்டத்தில் அதிபர் கம்சிகாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். கதைக்கச் சொன்னார். அவளுக்குக் கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

'நான் முன்னுக்கு எடுக்கோணுமெண்டுதான் நினைச்சனான். நிரோ அக்காதான் பின்னுக்கு எடுக்கச் சொன்னவ. காத்து மாறப் போகுதெண்டு அவவுக்கு முதலே தெரிஞ்சிருக்கு. அவ சொல்லாட்டி நான் பாஞ்சிருக்க மாட்டன். அக்கா தான் தோத்த உடன எனக்காக வந்து நிண்டவ.'

எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் வென்றபோது எனக்கு இவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை. அதிபர் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார். எனக்கும் ஒரு பொன்னாடை. மஞ்சள் நிறம்.

சாம்பவி வரிசையில் நின்றபடி, 'எப்பிடியடி காத்து மாறுறது முதலே தெரியும்?' என்றாள். அவளின் முகத்தில் பகிடி இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

விளையாட்டுச் சாமான் அறையில் கோல்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சேர் வந்து கதவடியில் நின்றார்.

'நிரோ, எத்தினை பாதம் சொன்னனி?'

'ஒரு பாதம் சேர்.'

'பின்னுக்கு.'

'ஓம் சேர்.'

'நீ சொல்லேக்க கொடி எந்தப் பக்கம் நிண்டது?'

நீலக் கோலின் வெள்ளைக் கோட்டில் புழுதி ஒட்டியிருந்தது. துடைத்தேன். 'கவனிக்கேல்ல சேர்' என்றேன்.

'நான் கவனிச்சனான்' என்றார். பிறகு, 'கோலை நிலத்தில வைக்காதை, நிலம் ஈரம்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நிலத்தில் வைக்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

பலகையில் பெயர் மாற்றினார்கள். புதுக் குழாயில் தண்ணீர் குடித்தேன். உவர் இல்லை.

ஓகஸ்ட் 27, செவ்வாய்

கொழும்புக்கு ஒருவர் துணைக்குப் போகலாம். கம்சிகா என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். அவளின் அம்மா வீட்டுக்கே வந்து எங்கள் அம்மாவைக் கேட்டா.

'உங்கட பிள்ளை பக்கத்தில நிண்டாத்தான் எங்கட பிள்ளை பாயுவாள். வேற ஆர் சொன்னாலும் கேக்க மாட்டாளாம்.'

அம்மாவுக்குப் பெருமை. தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொடுத்தா. அந்த மஞ்சள் பொன்னாடையை எடுத்துக் காட்டினா. எனக்குப் படிக்க இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ரயிலில் படிக்கலாம் என்று அப்பா சொன்னார்.

செப்டெம்பர் 20, வெள்ளி

தேசியப் போட்டி.

பெரிய அரங்கு. செம்மண் இல்லை, சிவப்பு றப்பர் பாதை. மெத்தை எங்கள் வகுப்பறை அளவு இருந்தது. கம்சிகா அதைப் பார்த்து, 'இதில நித்திரையே கொள்ளலாம் அக்கா' என்றாள். பாடவில்லை.

அவள் 2.85 பாய்ந்தாள். நானே எழுதி வைக்கிற அளவுக்கு அது வடிவான பாய்ச்சல். பிறகு 2.90. பாய்ந்தால் மூன்றாமிடம், பதக்கம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இதுவரை இந்த விளையாட்டில் தேசியப் பதக்கம் இல்லை. இரண்டு தரம் தட்டினாள்.

நானும் சேரும் கம்பிக்கு வெளியே, பெட்டிக்கு நேரே நின்றோம். நான் பார்த்துக் கையால் காட்டுவது என்று பேச்சு. விரலைப் பின்னுக்குக் காட்டினால் பின்னுக்கு. முன்னுக்குக் காட்டினால் முன்னுக்கு. கையைப் பொத்தினால் அப்படியே விடு.

இரண்டாம் தரம் தட்டிவிட்டு அவள் பாதைத் தொடக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். ரிபன் கையில் இருந்தது. பிடுங்கியே விட்டாள், எங்கே குத்துவது என்று நான் சொல்ல வேண்டும்.

'நீயே சொல்லு' என்றார் சேர். அவர் அவளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொடிகள் ஆடவில்லை. காற்று இல்லை. கால் சரியான இடத்தில்தான் விழுந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். வேறெப்படிப் பார்த்தாலும் அதுதான்.

கையைப் பொத்திக் காட்டினேன்.

அவள் தலையாட்டினாள். ரிபனைப் பாதையோரத்துப் புல்லில் பழைய துளையிலேயே குத்தினாள். ஓடி வந்தாள். கால் சரியாகத்தான் விழுந்தது. எழும்பினாள். இடுப்பு தடியைத் தாண்டியது. நெஞ்சு தாண்டவில்லை.

தடி விழுந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். கொஞ்சம் வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நாலாமிடம்.

கம்சிகா கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். 'நீங்கள் சரியாத்தான் அக்கா சொன்னீங்கள். எனக்குத்தான் கை வழுக்கிப் போச்சு.'

'அப்பிடியே விடச் சொன்னனியோ?' என்றார் சேர்.

'ஓம் சேர்.'

'ம்' என்றார். 'பிள்ளைக்குத் தண்ணி குடு.'

செப்டெம்பர் 21, சனி

காலை ரயிலில் திரும்பினோம். கோல்களைப் பெட்டியின் நீளத்துக்குக் கயிற்றால் கட்ட வேண்டியிருந்தது. ஏறுகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்டார்கள். கம்சிகா அநுராதபுரம் வரைக்கும் பதில் சொன்னாள். பிறகு என் தோளில் நித்திரையானாள். அடுத்த வருஷமும் அவளுக்கு இதே பிரிவுதான். நான் வந்து நிற்க வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

சேர் எதிர் இருக்கையில் பேப்பர் வாசித்தார். பக்கம் திருப்பும்போதெல்லாம் என்னைப் பார்த்தார். அல்லது நான் அவரைப் பார்த்தேன்.

அவரிடம் ஒரு வசனம் சொல்ல வேண்டும் போல இருந்தது. மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: 'சேர், இந்த முறை நான் கண்டதைத்தான் சொன்னனான்.' இந்த முறை என்பதை எடுத்துவிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன். எடுத்துவிட்டால் அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. எடுக்காமல் சொல்ல வாய் வரவில்லை.

மதவாச்சி தாண்டியதும் சேர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கம்சிகாவின் அம்மா கட்டிக் கொடுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, கொஞ்சம் என் கையில் போட்டார்.

சாப்பிட்டேன். உப்பு அளவாக இருந்தது. அன்றைக்கும் அளவாகத்தான் இருந்தது.